258 குறைகிறது

தொண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அத்தை வந்துவிட்டாள். அதான் எழுதுகிறேன். செஸ் என்ஜினை, அதாவது தானே செஸ் ஆடும் நிரலை, எந்தக் கணினி மொழியில் எழுதுவது, பைத்தானா, சி பிளஸ் பிளஸ்ஸா, ரஸ்டா? பதினொன்றுக்கு சி பிளஸ் பிளஸ்ஸும் பன்னிரண்டுக்குப் பைத்தானும் நடத்தியவளிடம் கேட்டால் இரண்டையும்தான் சொல்வேன். முதலில் பைத்தானில் எழுது. ஓடியதும் அதை ஓரமாக வைத்துவிட்டு சி பிளஸ் பிளஸ்ஸுக்குப் போ.

பலகையில் 64 கட்டம், கணினி எண்ணில் 64 பிட், அதாவது 0 அல்லது 1 வைக்கும் 64 இடம். சிப்பாய் நிற்கும் கட்டத்துக்கு 1 போட்டால் போதும். வெள்ளைச் சிப்பாய்கள் எட்டும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். எட்டு பிட் தள்ளினால் எட்டும் சேர்ந்து ஒரு கட்டம் முன்னேறும். சி பிளஸ் பிளஸ்ஸில் இது ஒரே கட்டளை. பைத்தான் எண்ணுக்கோ எல்லை கிடையாது, தள்ளத் தள்ளப் பலகையைத் தாண்டிப் போகும், ஒவ்வொரு தடவையும் நீதான் நறுக்க வேண்டும். பேர்பெற்ற செஸ் என்ஜினான ஸ்டாக்ஃபிஷ் சி பிளஸ் பிளஸ்ஸில் இருப்பது சும்மா இல்லை. ரஸ்டும் வேகத்தில் சளைத்ததில்லை. ஆனால் உனக்கு அது புதுசு. எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரோடும் ஆட்ட விதியோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டாதே.

அப்புறம் ஏன் முதலில் பைத்தான் என்பாய். போன மாதம் நானே ஒன்று எழுதிப் பார்த்தேன், சிரிக்காதே. தொடக்க நிலையிலிருந்து எத்தனை வழியில் ஆடலாம் என்று எண்ணும் பெர்ஃப்ட் சோதனைதான். வெள்ளை ஆடுவது ஒன்று, கறுப்பு ஆடுவது ஒன்று என்று தனித்தனியாக எண்ணினால், ஒரு நகர்வுக்கு 20, இரண்டுக்கு 400, மூன்றுக்கு 8,902, நான்குக்கு 1,97,281. எல்லாம் சரியாக வந்தது. ஐந்தைக் கொடுத்துவிட்டு உலை வைக்கப் போனேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் 48,65,351. வர வேண்டியது 48,65,609. 258 குறைகிறது!

இரண்டு நாள் தூக்கமில்லை. உப்புக்காற்றில் லேப்டாப்பின் எண்டர் கீ வேறு ஒட்டிக்கொள்கிறது, குத்திக் குத்தி விரல் வலித்தது. கடைசியில் நீ சின்ன வயதில் அழுது சண்டை போடுவாயே, "இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயை எப்படிப் பக்கத்திலிருந்து வெட்டலாம்" என்று, அந்த என் பாசான் விதியைத்தான் எழுதாமல் விட்டிருந்தேன். அது முதன்முதலில் வருவதே ஐந்தாவது நகர்வில்தான், சரியாக 258 தடவை. பைத்தான் என்பதால் ஒவ்வொரு நிலையையும் அச்சிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தேன். சி பிளஸ் பிளஸ்ஸில் என்றால், நினைவக முகவரியைச் சுட்டும் பாயிண்டரில் பிழையா என்றும் சேர்த்துத் தேடியிருப்பேன்.

இன்னொன்று. மொழியை மாற்றிக் கிடைக்கும் வேகத்தை நம்பி, விடையை மாற்றாத வழிகளைப் பார்க்காமலே வெட்டித்தள்ளும் ஆல்ஃபா பீட்டா முறையை அரைகுறையாக எழுதாதே. நல்ல நகர்வை முதலில் பார்க்கும்படி வரிசைப்படுத்தினால், எல்லாம் சரியாக அமைந்தால் பத்து லட்சம் நிலையில் சுமார் இரண்டாயிரத்தைப் பார்த்தாலே விடை வந்துவிடும். எந்த கம்பைலரும் இதைத் தராது.

அப்பா நெத்திலிக் கருவாடு காயவைத்திருக்கிறார், சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். ஐந்தாவதில் உனக்கு என்ன எண் வருகிறது என்று போன் போட்டுச் சொல்.

அம்மா