ஐஸ் தரையும் வாடைக் காற்றும்

கிளிநொச்சி,
மார்கழி.

அன்புள்ள மகனுக்கு,

விமான நிலையத்து வேலையில், விமானம் தள்ளுகிற வண்டி ஐஸில் சறுக்கினதை நீ சிரிப்புக் கதையாகச் சொன்னாய். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மழைக்குள் அறுவடை அகப்பட்டால், இரணைமடுப் பக்கம் நெல்மூட்டைப் பெட்டியோடு உழவு மெசினை இறக்குவது எப்படியென்று உனக்குத் தெரியும். சட்டென்று பிரேக்கை அமத்தினால் பாரம் மெசினைக் குறுக்கே மடக்கிவிடும். நீ தள்ளுகிற 737 விமானம் வெறுமையாகவே 40 தொன் அளவில் வரும். தள்ளினாலும் இழுத்தாலும், தரையில் பிடி இல்லையென்றால் பாரம் வண்டியைத் தன் போக்குக்குக் கொண்டுபோகும். ஆகவே நடை வேகத்தை மிஞ்சாதே. திருப்பத்தில் பிரேக் பிடிக்காதே, வண்டியையும் விமானத்தையும் கொளுவுகிற தண்டை நேராக்கிப் பிறகு மெல்ல நிறுத்து.

காற்றுக்குத்தான் நான் கூடப் பயப்படுகிறேன். வால் செட்டையில் பக்கக்காற்று அடித்தால் மூக்கு காற்று வருகிற பக்கம் திரும்பப் பார்க்கும். காய்ந்த தரையில் ரயர் விடாது, ஐஸில் விட்டுவிடும். சில்லுக்கு வைத்த கட்டையும் சேர்ந்து வழுக்கும், அதனால் அந்த இடத்து ஐஸைச் சுரண்டிவிட்டுக் கட்டையை வை. வெறும் சாமான் பெட்டிகளையும் அசையாமல் முதலே பூட்டு. 100 கிலோ வராத தகரம், காற்று உருட்டிக்கொண்டு போய் விமானத்தில் அடிக்கும்.

விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடின சனம் நாங்கள். குண்டு போடுகிற கிபிர் விமானம் வந்த அதே ஊரில்தான் அம்மா இப்போது, என் பிள்ளை கையைக் காட்டி விமானத்தை நிற்பாட்டுகிறான் என்று சொல்லித் திரிகிறாள். சரி, அந்தக் கையைப் பயன்படுத்து. செட்டை நுனிக்குப் பக்கத்தில் கூட நடக்கும்போது சந்தேகம் வந்தால் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே பிடி. நேரம் போகுது என்று மேலாளர் கத்தினால் கத்தட்டும்.

கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்யாதே. காற்றோடு சேர்ந்த குளிர் −28 பாகை செல்சியஸுக்குப் போனால் மூடாத தோல் அரை மணித்தியாலத்துக்குள் உறையக்கூடும்.

இன்னொன்று. தண்டில், அளவுக்கு மிஞ்சி இழுபட்டால் தானாக உடைகிற ஆணி இருக்கிறதென்றாய். மூக்குச் சில்லைக் காப்பாற்ற அது நல்லதுதான். ஆனால் ஐஸ் நாளில் அது உடைந்தால் விமானத்தை யார் பிடிப்பது? உள்ளே பிரேக்கில் ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் நீ தொடங்குகிறாயா? ஞாயிற்றுக்கிழமை கோல் எடுக்கும்போது இதற்குப் பதில் சொல்.

அன்புடன்,
அப்பா