நாயாறு வரை

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
14.07.2024

அன்பு நண்பன் குகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டுகிறேன். உன் கடிதம் சித்திரையில் கிடைத்தது. பதில் எழுத உட்காரும்போது ஆடி பிறக்க இரண்டொரு நாளே இருக்கிறது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சையும் சிறுபோக விதைப்பும் கொஞ்ச நாளைத் தின்றுவிட்டன என்பது மெய்தான், ஆயினும் மூன்று மாத மௌனத்துக்கு அவை போதா. மன்னித்துக்கொள். அம்மாவுக்குக் கண் தெளிந்துவிட்டது. உன் திருமணப் படத்தை எடுத்துப் பார்த்து, நீ அன்று வேட்டியைச் சரியாகக் கட்டவில்லை என்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு கண்டுபிடித்திருக்கிறார்.

உண்மையில் என் கையைத் தடுத்தது உன் கடிதத்தில் இருந்த ஒரு வரி. வன்கூவரில் ஸ்டான்லி பூங்காவைச் சுற்றிக் கடலோரமாகச் செல்லும் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் பாதையில் வாரம் மூன்று நாள் ஓடுவதாகவும், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஊசியிலைக் காடு, நிமிர்ந்தால் அக்கரையில் மலை என்று அது ஒரு கனவு போல இருப்பதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்து உனக்காக மகிழ்ந்தேன். ஆனால் அடுத்த வரியில், “வன்னியில் ஓட இடம் ஏது, மச்சான்?” என்று கேட்டிருந்தாயே, அதுதான் நெஞ்சில் தைத்தது. பள்ளிக்கூடத்தில் பெரிய சேர் விடியப்புறம் விசில் ஊத, இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னான மரதன் ஓட்டத்தில் மஞ்சள் பனியனோடு முன்னால் ஓடிய நீயா இதைக் கேட்பது? பதிலை வாயால் சொல்வதைவிடக் காலால் அளந்து சொல்வதே முறை என்று தோன்றியதால், இந்த மூன்று மாதமும் ஓடிப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

முதலில் கடற்கரை. காலை ஐந்தரைக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் இறங்கி, கடல் இடக்கைப் பக்கமாக இருக்க, அளம்பிலை நோக்கி ஓடுகிறேன். இது சோளகக் காலம், தென்மேற்குக் காற்று வீசும் பருவம். காற்று வலப்பக்கத்தில் தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலை அடங்கி, கரை அகன்று கிடக்கிறது. வாடைக் காற்றில் இதே கரை பாதியாகச் சுருங்கிவிடும் என்பதால் மார்கழியில் வந்து இதைத் தேடாதே. உலர்ந்த மணலில் ஓடக் கெட்டித் தரையைப் போல 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று அளந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை உன் கெண்டைக்கால் முதல் ஐந்நூறு மீற்றரிலேயே ஒப்புக்கொள்ளும். ஆகவே அலை வந்து திரும்பிய ஈரப் பட்டையிலேதான் காலை வைக்க வேண்டும். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. நம் கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், போகும்போது இடக்கால் எப்போதும் தாழ்வில் விழுகிறது. சித்திரையில் அளம்பில் வரை ஓடிவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு பக்க இடுப்பில் பத்து நாள் நோவு நின்றது. போன தூரத்தை அதே கரையால் ஓடித் திரும்பத் தொடங்கிய பிறகு இரண்டு பக்கமும் சமமாகி நோவு விட்டது. இதை எந்தப் பயிற்றுநரும் எனக்குச் சொல்லவில்லை; வாடியிலிருந்து கரைவலை இழுக்கும் ஐயா ஒருவர், நாள் முழுக்க அதே சரிவில் நின்று கயிறு பிடிப்பவர், நான் நொண்டுவதைப் பார்த்துச் சொன்னார்.

ஐந்தே முக்காலுக்கும் ஆறுக்கும் இடையில் சூரியன் நேரே கடலிலிருந்து எழும்புகிறது. அடம்பன் கொடி பூத்துக் கிடக்கும் மணல்மேடும், அதற்குப் பின்னால் பனைகளும் அந்த ஒளியில் சிவந்துபோகும். இராவணன் மீசை முள் உருண்டு வந்து காலில் ஏறும் இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். 2004 மார்கழி 26 இல் சுனாமியாக எழுந்து நம் சனத்தை அள்ளிக்கொண்டு போன கடல் இதுதான் என்பதை நான் மறக்கவில்லை. அந்த நினைவோடுதான் ஒவ்வொரு காலையும் அதன் பக்கத்தில் ஓடுகிறேன்.

இரண்டாவது வழி வீதி. அளம்பிலைத் தாண்டிச் செம்மலை, பிறகு நாயாறு. சிலாவத்தையிலிருந்து நாயாற்றுப் பாலம் வரை போய் ஒரு இளநீர் குடித்து பஸ் ஏறினால் அது ஒரு ஞாயிறுக்குப் போதுமான ஓட்டம். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இந்தக் கரையோரமாகத்தானே கொக்கிளாய்க்கும் அதற்கப்பாலும் இறங்குகிறார்கள்? இந்த ஆண்டும் போனார்கள். அறுபதைத் தாண்டிய அம்மாமார் வேலைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு தாரில் நடந்ததை, ஓடிக்கொண்டிருந்த நான் நின்று பார்த்தேன். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து முள்ளியவளைக் காட்டா விநாயகரிடம் கொண்டுபோய் விளக்கேற்றுவதற்கும், நம் கரைக்கு வந்து நடந்துதான் திரும்புகிறார்கள். நடந்து போவதற்கென்று தலைமுறைகளாகப் பழகிய பாதைகள் உள்ள மண்ணில் ஓட இடமில்லை என்று நீ எழுதலாமா?

மூன்றாவதுதான் நான் உனக்குக் காட்ட ஆசைப்படும் வழி. அளம்பிலில் கடலை முதுகுக்குப் பின் விட்டு, குமுழமுனைப் பக்கம் திரும்ப வேண்டும். கடற்காற்றின் உப்பு சிறிது தூரத்திலேயே நின்று, பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காட்டு வாசம் ஏறுகிறது. இப்போது பாலைப்பழக் காலம்; வீதியோரத்தில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு ஓடினால் அந்தப் பால் உதட்டில் ஒட்டி நடுப்பகல் வரை போகாது. கிரவல் பாதை காலுக்குத் தாரைவிட மிருதுவானது. குமுழமுனை தாண்டித் தண்ணிமுறிப்புக் குளக்கட்டில் ஏறிவிட்டால் ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் வயல். எதிரே குருந்தூர்மலை தெரியும். உன் வன்கூவர் மலைகளுக்கு முன்னால் அது ஒரு மேடுதான், ஆனால் தட்டையான வன்னியில் கண்ணுக்கு அது போதும். அந்த மலை ஐயனார் கோயிலுக்கா பௌத்த விகாரைக்கா என்ற பிணக்குகளை நீ அறிவாய்; நான் குளக்கட்டோடு திரும்பிவிடுகிறேன்.

இந்த வழியில் ஓடுவதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு, அவற்றைத் தெளிவாகவே சொல்கிறேன். ஏழு மணிக்கு முன் காட்டுக்குள் போகக்கூடாது. ஆனி மாதத்தில் ஒருநாள் அவசரப்பட்டு ஆறு மணிக்கே போனேன். வளைவில் ஆவி பறக்கும் யானை இலத்தி கிடந்தது. தலையை நிமிர்த்தியபோது, ஐம்பது அடி தள்ளி ஒற்றை யானை வீதியில் குறுக்காக நின்றது. திரும்பி ஓடவில்லை, அதன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்தேன். அது வெகுநேரம் நின்று, பிறகு தன்பாட்டில் காட்டுக்குள் இறங்கியது. அன்றிலிருந்து தோட்டத்துக்குப் போகும் சைக்கிள்காரர் இருவர் முன்னால் போன பிறகே நான் போகிறேன். மற்றது, பாதையை விட்டு ஓர் அடிகூட விலகக்கூடாது. மிதிவெடி உண்டென்று எச்சரித்த மண்டையோட்டுப் பலகைகள் அகற்றப்பட்ட இடங்களிலும் ஆடு மேய்ப்பவர்கள் காலடித் தடத்தை விட்டு இறங்குவதில்லை. அவர்கள் இறங்காத இடத்தில் நாமும் இறங்க வேண்டியதில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் போய்விட்டது, வேகம் வராது என்று நீ எழுதியதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 2023 இல், தம்முடைய 72 ஆவது வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வாங்கி வந்தார். நம் பக்கத்து ஊர் அம்மா. இனி முழங்காலைப் பற்றி எனக்கு எழுதாதே.

குகன், இவ்வளவையும் படித்த நீ ஒன்றைக் கவனித்திருப்பாய். நான் சொன்ன வழிகள் எல்லாம் தெற்கே போகின்றன. வடக்கே வட்டுவாகல் பாலம் என் வீட்டிலிருந்து ஓடிப்போகக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல். அழகு என்று பார்த்தால் நீ அனுப்பிய படத்துக்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல. 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், அம்மாவைத் தாங்கிக்கொண்டு, நகர இடமில்லாத சனத்துக்குள் அந்தப் பாலத்தை நான் கடந்தேன். அன்று தெற்கே வந்தவன், அதற்குப் பிறகு பஸ்ஸில் பலமுறை அதைக் கடந்திருக்கிறேன். ஆனால் காலால் கடந்ததில்லை. ஓடத் தொடங்கிய இத்தனை காலத்திலும், வாசலை விட்டு இறங்கியவுடன் கால் தானாகவே அளம்பில் பக்கம் திரும்புகிறது.

போன ஞாயிறு வடக்கே ஓடினேன். பட்டணத்தைத் தாண்டி, பாலத்தில் பாதி வரை போனேன். தண்ணீர் மிகத் தாழ்வாக இருந்தது. ஒருவர் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார், கொக்குகள் நின்றன. என் மூச்சு ஒழுங்காகவே இருந்தும் கால் அதற்கு மேல் போகவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. உனக்கு மட்டுமே எழுதுகிறேன்.

அடுத்த ஆண்டு வைகாசிக்கு வா. பொங்கல் முடிந்து, சோளகம் எழும்பும் காலம், கடல் அடங்கியிருக்கும். அளம்பில், நாயாறு, தண்ணிமுறிப்பு மூன்றையும் ஓடிக் காட்டுகிறேன். அதற்குப் பிறகு ஒரு காலை, நீ பக்கத்தில் ஓட, அந்தப் பாலத்தின் மற்றப் பாதியை ஓடிப் பார்க்க வேண்டும். வேகமாக வேண்டாம்; நீ பேசிக்கொண்டே வந்தால் போதும்.

வெயிலுக்கு உப்பு மாத்திரை ஒன்றும் கொண்டுவராதே. அம்மா மோர் கரைத்து வைப்பார். கடினமான அடியுள்ள காலணி ஒரு சோடி மட்டும் கொண்டுவா. பாலைமரத்துக் குச்சிகள் என்னுடையதை இரண்டு இடத்தில் துளைத்துவிட்டன, அளவு உனக்குத் தெரியும். பெரிய சேரிடம் நீ வருவதாக இன்னும் சொல்லவில்லை. பயணச்சீட்டு எடுத்ததும் எழுது, அன்றே போய்ச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராசன்