பாரதி பாட்டுக்கு மெட்டுக் குறிப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலையும் அரசியலும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் பாரதியாரின் 'தொண்டு செய்யும் அடிமை! உனக்குச் சுதந்திர நினைவோடா?' பாட்டைப் பார்த்ததில் மகிழ்ச்சி. சுயராஜ்யம் கேட்பவனைப் பார்த்து ஆங்கிலேய அதிகாரி ஏளனமாகப் பேசுவதாக அமைந்த பாட்டு அது. ஆனால் எந்தப் பாட்டின் மெட்டில் அதைப் பாட வேண்டும் என்று பாரதி தந்த மெட்டுக் குறிப்பு விடுபட்டுவிட்டது. என்னிடம் உள்ள மலிவுப் பதிப்பிலும் அது இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய 'நந்தனார் சரித்திரத்'தில், மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான் பண்ணையாள் நந்தன். நிலத்துக்குச் சொந்தக்காரரான வேதியர் அவனைச் சாதி சொல்லி இழிவுபடுத்தி, 'உனக்கு மார்கழித் திருநாளா?' என்று கேட்கிறார். பாரதி தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டது அந்த வசையின் வர்ணமெட்டைத்தான். கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளைக் கதாகாலட்சேபத்தில் கேட்டுக் கேட்டு ஊறிய காலம் அது. மெட்டு எழும்பியதுமே பண்ணை வீட்டு வாசலும் கைகட்டி நிற்கும் நந்தனும் கண்முன் வந்திருப்பார்கள். கேட்டவர்களில் எத்தனையோ பேர் நிலம் வைத்திருந்த மேல்சாதிக்காரர்கள். அதுவரை வேதியர் பக்கம் உட்கார்ந்து கதை கேட்டவர்களை, பாரதி நந்தன் நிற்கிற இடத்தில் நிறுத்திவிடுகிறார். வெள்ளைக்காரன் உன்னைப் பேசுவது, நீ உன் பண்ணையாளைப் பேசிய பேச்சுதான் என்பதை அந்த மெட்டு சொல்லிவிடுகிறது. சொற்களை மட்டும் படித்தால் இந்தக் குத்து தெரியாது.

இன்னொன்று. பெரியபுராணத்து நந்தனார் கதையில் இந்தப் பண்ணையார் கிடையாது. தஞ்சைச் சீமையின் பண்ணையடிமை வாழ்வைப் பார்த்த கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் சேர்த்த பாத்திரம் அது. அவர் வாழ்ந்த ஆனந்ததாண்டவபுரம் எங்கள் ஊருக்குப் பக்கம்தான் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் உரிமையும் உண்டு. தில்லைக் கூத்தனைக் காண ஏங்கும் உயிரின் தவிப்பு என்ற பக்தித் தத்துவத்துக்குள் அவர் வயல்வேலையையும் சாட்டையையும் கொண்டுவந்தார். அதனால்தான் பாரதியால் சிதம்பரம் இருந்த இடத்தில் சுயராஜ்யத்தை வைக்க முடிந்தது.

1907இல் சூரத் மாநாட்டில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்ததே, அந்தக் காலத்து மிதவாதிகளையும் பாரதி இதே வழியில்தான் கேலி செய்தார். 'ஓய் நந்தனாரே, நம்ம ஜாதிக் கடுக்குமோ' என்ற பாட்டு, மிதவாதத் தலைவர் மேத்தா எதிரணித் தலைவர் திலகரைக் கேட்பதாக 'ஓய் திலகரே' என்று மாறியது. இன்னொரு மிதவாதத் தலைவர் கோகலேயைப் பற்றிய பாட்டோ வள்ளலாரின் பாடலைத் திரித்து எழுதியது.

ஆகவே என் வேண்டுகோள்: இனி பாரதி பாடல்களை வெளியிடும்போது அவர் தந்த மெட்டுக் குறிப்பையும் சேர்த்து அச்சிடுங்கள். ஒரே ஒரு வரிதான். மேடையில் பாடுகிறவர்களும் பாடுவதற்கு முன் அதைச் சபைக்குச் சொல்லட்டும். முடிந்தால் நந்தனார் பாட்டை முதலில் பாடிவிட்டு, அப்புறம் இதைப் பாடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாடுதுறை