குளூட்டன் இல்லாத பியர் வேறு, நீக்கிய பியர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரை வெளிநாட்டார் நிறையவே வருகிறார்கள். குளூட்டன் (கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள புரதம்) இல்லாத பியர் இருக்கிறதா என்று கேட்பவருக்கு, “இது அரிசி சேர்த்தது, குடிக்கலாம்” என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அரிசி சேர்த்த லாகர் பியருக்கும் அடிப்படை பார்லி மோல்ட் (முளைக்கவைத்து உலர்த்திய பார்லி) தான். பார்லியின் குளூட்டனான ஹோர்டீன் புரதம், குளூட்டனை உடல் ஏற்காத சீலியாக் நோயாளியின் சிறுகுடலைக் கெடுக்கும்.

போத்தலைத் திருப்பித் தானியத்தின் பெயரைப் பாருங்கள். இறுங்கு, தினை, அரிசி, பக்வீட் போன்ற குளூட்டன் இல்லாத தானியங்களில் மட்டும் காய்ச்சியதே குளூட்டன் இல்லாதது. மொன்றியலின் குளூட்டன்பெர்க் அந்த வகை. (பெயரில் ‘வீட்’ இருந்தாலும் பக்வீட் கோதுமை இனமல்ல.) ஸ்பெயினின் டௌரா டாம் பார்லியில் காய்ச்சி, நொதியத்தால் புரதத்தைத் துண்டாக்கிய, அதாவது குளூட்டன் ‘நீக்கிய’ பியர். இப்படித் துண்டான புரதத்தை இப்போதுள்ள சோதனைகளால் நம்பகமாக அளக்க முடிவதில்லை. குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவு என்று லேபிளில் இருந்தாலும், சீலியாக் உள்ளவருக்கு அதை ஊற்றக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பார்லி பியர் ஓடிய குழாயிலிருந்து பிடித்ததும் வேண்டாம். போத்தலோ ரின்னோதான் பாதுகாப்பு.

இனிச் சுவைக்கு வருவோம். திருகோணமலை வெயிலில் கிளாஸை நிரப்பினால் பாதியிலேயே சூடேறிவிடும். 100 மில்லிலீற்றராக ஊற்றுங்கள். வெளிர் நிறமானது 6 முதல் 8 பாகை செல்சியஸ், கறுப்பானது 10 முதல் 12 பாகை குளிரில் இருக்கட்டும். நுரை சட்டென்று அடங்கினால் பழுதென்று நினைக்கவேண்டாம், நுரையைத் தாங்கும் பார்லிப் புரதம் அதில் இல்லை. குமிழிகள் கிளாஸின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் மட்டும் கிளாஸைத் திரும்பக் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ சவர்க்காரமோ மிச்சம் இருக்கிறது.

குடிக்கமுன் மணந்து பாருங்கள். நனைந்த காட்போட் மட்டை வாடை வந்தால் பியர் சூட்டில் கிடந்து பழசாகியிருக்கிறது. எரிந்த இறப்பர் வாடை வெயில் பட்டதால் வருவது. நிறமற்ற, பச்சைப் போத்தல்களில் இது அதிகம். இறுங்கின் மெல்லிய புளிப்பு பழுதல்ல, அது அந்தத் தானியத்தின் குணம். தினையில் வறுத்த பருப்பின் வாசமும் பக்வீட்டில் மண்வாசமும் தெரியும். வெளிரியதில் தொடங்கிக் கறுப்புக்குப் போங்கள். இடையில் ஒரு மிடறு தண்ணீர் போதும், பாணும் பிஸ்கட்டும் வேண்டாம்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது பக்கத்தில் வைக்கும் பைற்ஸில்தான். டெவில்ட் கறியின் சோயா சோஸில் கோதுமை இருக்கும். முறுக்கில் அவித்த கோதுமை மாவும், கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவும் கலந்திருக்கலாம். கோதுமை மாவு ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்த கணவாயும் ஆகாது. அவித்த கச்சான், தனி எண்ணெயில் பொரித்த மரவள்ளி, உப்பும் தேசிக்காயும் தடவிச் சுட்ட பாரை போதும்.

விடுதிக்காரர்கள் மெனுவில் பியரின் பெயருக்குப் பக்கத்தில் எந்தத் தானியத்தில் காய்ச்சியது என்பதையும் அச்சிட வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை