முடிக்க முடிகிற வரலாற்று நாவல்கள்: எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஆண்டுப் பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடியவுள்ள ஓராண்டின் பணிகளை இவ்வறிக்கையில் பேரவையின் முன் வைக்கிறேன். மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில், வேலூர் சத்துவாச்சாரியில் உறுப்பினர் ஒருவரின் வீட்டு மாடியில் கூடினோம். மழை காரணமாக ஒரு கூட்டம் மட்டும் நடைபெறவில்லை. சந்தாவில் மாற்றமில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார்.

இவ்வாண்டு நாம் செய்த வேலையெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்தது. வரலாற்று நாவல் படிக்க ஆசை இருந்தும், இதுவரை ஒன்றையும் முடிக்காத ஒருவருக்கு எந்த நாவலைக் கையில் கொடுப்பது என்பதே அந்தக் கேள்வி. அதற்கு முந்தைய ஆண்டில் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய, விருது பெற்ற ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்தோம். நூலின் தகுதியில் குறையேதும் இல்லை. ஆனால் மூன்றாவது கூட்டத்தின்போது அதை முடித்திருந்தவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் மட்டுமே. மற்றவர்களில் பலர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். பேருந்து நடத்துநராகப் பணிபுரியும் உறுப்பினர் ஒருவரைப் பழைய பேருந்து நிலையத்தில் சந்தித்துக் காரணம் கேட்டபோது, "படிக்காம எந்த முகத்தோட சார் வர்றது?" என்றார். அந்த நூலை முன்மொழிந்தவன் நான் என்பதால் அந்தச் சொல் என் மனத்தில் தைத்தது. ஒரு தேர்வு, வாசகரைப் படிப்பிலிருந்தே விலக்கிவிடக்கூடும் என்பதை அன்று உணர்ந்தேன்.

ஆகவே ஜூன் கூட்டத்தில் நால்வர் கொண்ட தேர்வுக்குழு அமைக்கப்பட்டது. முன்மொழியப்படும் எந்த நாவலையும் முதல் முப்பது பக்கம் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என்பது அக்குழு வகுத்துக்கொண்ட முறை. குடியாத்தத்திலிருந்து வரும் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில், பெண்கள் வட்டமாக அமர்ந்து பீடி சுற்றும்போது ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பது வழக்கம்; இந்த யோசனையைச் சொன்னவர் அவரே. காதால் கேட்டவர், முப்பது பக்கத்தின் முடிவில், யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு என்ன வேண்டும் என்பதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல முடிந்தால் அந்த நாவல் தேறியது என்று கொண்டோம். நடை எளிமையாக இருந்தும் இந்தச் சோதனையில் தேறாத நூல்கள் உண்டு. முதல் அத்தியாயத்திலேயே பதினைந்து பெயர்களும் பட்டங்களும் வந்து குவிந்தால், நடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கேட்பவர் தொலைந்துபோகிறார்.

இந்தச் சோதனையில் கல்கியின் நாவல்கள் முதலிடம் பெற்றதில் வியப்பில்லை. அவை வார இதழில் தொடராக வந்தவை. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே அமர்வில் படித்து முடிக்கும் அளவில், அடுத்ததை நாடவைக்கும் இடத்தில் நிற்கிறது. 1950இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மேல் வரும் வந்தியத்தேவன் என்ற இளைஞனைக் காட்டித் தொடங்குகிறது. ஆடிப்பெருக்கு நமக்குத் தெரியும். பாலாற்றில் தண்ணீர் ஓடாத ஆண்டிலும் அதைக் கொண்டாடுகிறவர்கள் நாம். அந்த ஏரிக்கரையின் கூட்டத்தில் வாசகரை முதலில் நிறுத்திவிட்டுத்தான் ஆசிரியர் சோழர் வரலாற்றை மெல்ல அவிழ்க்கிறார்.

எனினும் ஐந்து பாகம் என்பது முதன்முறை படிப்பவரை அச்சுறுத்துகிறது. அதனால் 1941இல் தொடராகத் தொடங்கிய, அளவில் சிறிய ‘பார்த்திபன் கனவு’ நாவலை முதலில் எடுத்துக்கொண்டோம். கதை நிகழும் காலவரிசைப்படி ‘சிவகாமியின் சபதம்’ முந்தியது என்பதால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இரண்டு உறுப்பினர்கள் வலியுறுத்தினார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தாலும், ஒரு நாவலை முடித்தோம் என்ற மகிழ்ச்சி முதலில் கிடைக்க வேண்டும் என்பதே என் கருத்தாக இருந்தது. பெரும்பான்மையோரும் அதையே ஏற்றனர். இரண்டே மாதத்தில் அதை ஏறக்குறைய எல்லோரும் முடித்தார்கள். நடத்துநர் உறுப்பினர் ஆகஸ்டு கூட்டத்துக்கு வந்தார். அன்று அதிகம் பேசியவரும் அவரே.

பிறகு ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கியபோது, உறவுமுறைகளில் சிக்கிக்கொள்ளாதிருக்க, பழைய தினசரி நாட்காட்டி அட்டையின் பின்புறத்தில் சோழர் வம்சாவளியை எழுதி மாடிச் சுவரில் மாட்டினோம். முதற் பராந்தகர், அவருக்குக் கீழே இராசாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர் என்று மக்கள் மூவர், அரிஞ்சயருக்குக் கீழே சுந்தர சோழர், அவருக்குக் கீழே ஆதித்த கரிகாலர், குந்தவை, அருள்மொழி. இந்த ஓர் அட்டை பல பாதிப் படிப்புகளைக் காப்பாற்றியது.

பதிப்பைப் பற்றியும் ஒரு சொல். கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் பல பதிப்பகங்கள் பல விலைகளில் வெளியிடுகின்றன. விலை மலிவு என்று நாம் மொத்தமாக வாங்கிய ஒரு பதிப்பில் எழுத்து பொடியாக இருந்தது. கட்டுப் பக்கத்து ஓரம் குறுகியிருந்ததால் புத்தகத்தை விரித்துப் பிடிக்கும் கட்டைவிரல் வரியின் முதலெழுத்தை மறைத்தது. கண்புரை அறுவை செய்துகொண்ட மூத்த உறுப்பினர் ஒருவர் அதைப் பத்துப் பக்கத்துக்கு மேல் படிக்க முடியாமல் திருப்பித் தந்துவிட்டார். இனி எந்த நூலையும் நூறாம் பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகே வாங்குவது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

ஜனவரியில் நடந்த ஊர்ப்பயணத்தை இவ்வாண்டின் சிறந்த கூட்டமாகவே கருதுகிறேன். வந்தியத்தேவன் பிறந்த குலமாகக் கதை கூறும் வாணர்களின் தலைநகர் நம் திருவல்லம். அதற்கு வடக்கே பொன்னையாற்றங்கரை மேல்பாடியில், ஆற்றூரில் மறைந்ததால் ‘ஆற்றூர்த் துஞ்சிய தேவர்’ எனப்பட்ட தம் பாட்டனார் அரிஞ்சயருக்காக, நம் அட்டையில் அருள்மொழி என்றிருக்கும் முதலாம் இராசராசர் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது மறைந்த அரசரின் நினைவுக் கோயில், நிற்கிறது. அங்கு நின்றுகொண்டு, "நம்ம அட்டையில மூணாவது மகனா எழுதியிருக்கிற பேரு" என்று குடியாத்தத்து உறுப்பினர் சொன்னபோது எங்களில் பலருக்குப் பேச்சு எழவில்லை. அங்கிருந்து தக்கோலம் சென்றோம். 949இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனை எதிர்த்துப் போரிட்ட இராசாதித்தர், யானை மேலிருந்தவாறே உயிர்நீத்த ஊர் அது. நாவலின் முதல் பக்கத்து வீரநாராயண ஏரி அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுவது. எங்கோ தென்னார்க்காட்டில் தொடங்கும் கதையின் வேர் நம் பழைய வடஆர்க்காட்டு மண்ணில் கிடக்கிறது என்பதை அவ்வூர்த் திருவூறல் கோயில் வாசலில் அமர்ந்து பேசினோம்.

எது வரலாறு, எது கற்பனை என்ற விவாதம் பிப்ரவரிக் கூட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. வந்தியத்தேவரும் குந்தவையாரும் கல்வெட்டில் உள்ளவர்கள். ஆதித்த கரிகாலரைக் கொன்றவர்களுள் ஒருவனாக இரவிதாசன் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் வருகிறது. நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் ஆசிரியரின் படைப்புகள். இதைக் கேட்டு நந்தினியை விரும்பிய இளம் உறுப்பினர் ஒருவர் மிகவும் வருந்தினார். நாவலைப் படித்து முடித்த பிறகே இத்தகைய விவரங்களைச் சொல்வது நல்லது என்பது என் எண்ணம்.

அரசர் கதையே போதுமா என்று கேட்ட உறுப்பினர்களுக்காக, வரும் ஆண்டுக்குப் பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’ முன்மொழியப்பட்டுள்ளது. பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்ட, பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் கதை அது. 1749இல் ஆம்பூர்ப் போர், 1751இல் ஆற்காட்டு முற்றுகை என்று நம் ஊர்கள் அலைக்கழிந்ததும் அந்த நாட்குறிப்பு எழுதப்பட்டுவந்த காலத்தில்தான். ஆற்காட்டில் இன்றும் நிற்கும் டெல்லி கேட் என்ற பழைய கோட்டை வாயிலைப் பார்த்தவர்களுக்கு அக்காலம் தூரத்தில் இல்லை. முப்பது பக்கச் சோதனையில் பெயர்கள் சற்றுத் திணறவைத்தன என்பதையும் பதிவு செய்கிறேன். அதற்கும் ஓர் அட்டை எழுதப்படும். 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைப் புரட்சியைப் பற்றிய நாவல் வேண்டும் என்ற கோரிக்கையும் தேர்வுக்குழுவின் முன் உள்ளது. அதை அவசரப்பட்டு முடிவு செய்ய நான் விரும்பவில்லை. நம் ஊரின் அந்த நாளை, பாதியில் மூடிவைக்கப்படாத ஒரு நூலின் வழியாகவே நம் உறுப்பினர்கள் படிக்க வேண்டும்.

மாடியையும் தேநீரையும் ஆண்டு முழுதும் தந்த குடும்பத்தாருக்கும், நாட்காட்டி அட்டையில் அழகிய கையெழுத்தில் வம்சாவளி எழுதித் தந்த உறுப்பினருக்கும் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையைப் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்