தீர்ப்பின் கடைசிப் பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குற்றவியல் மேல்முறையீட்டு மனுக்களில் சாட்சிகளின் முரண்பாடுகள் பக்கம் பக்கமாக அலசப்படுகின்றன. தண்டனைக் காலத்தைப் பற்றியோ, 'தண்டனை மிக அதிகம்' என்ற ஒற்றை வரியோடு சரி. கைதியின் ஆண்டுகள் வீணாய்ப் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஒரே வழக்கில் மூன்று பிரிவுகளில் 7, 3, 2 ஆண்டுகள் தண்டனை என்று வைத்துக்கொள்வோம். ஏக காலத்தில், அதாவது மூன்றையும் ஒரே சமயத்தில், அனுபவிக்கச் சொன்னால் 7 ஆண்டுகள். ஒன்றன்பின் ஒன்றாக என்றால் 12. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31ஆவது பிரிவில், நீதிபதி எதுவும் எழுதாமல் விட்டால் 12தான். அதற்குப் பதிலாக வந்த இப்போதைய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 25ஆவது பிரிவு, குற்றத்தின் கடுமையைப் பார்த்து இரண்டில் ஒன்றை நீதிமன்றமே உத்தரவிட வேண்டும் என்கிறது. நல்ல மாற்றம். ஆனால் வெவ்வேறு வழக்குகளில் தண்டனை பெற்றவர்களுக்குப் பழைய நிலைதான். உத்தரவு இல்லையென்றால் அடுத்தடுத்துத்தான் ஓடும். உத்தரப் பிரதேசத்தில் மின்சாரம் தொடர்பான ஒன்பது திருட்டு வழக்குகளில் தலா 2 ஆண்டுகள் பெற்ற ஒருவருக்குச் சிறைத்துறை 18 ஆண்டுகள் என்று கணக்கிட்டது. உயர் நீதிமன்றமும் கைவிரித்தது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம்தான் ஏக காலமாக்கி அவரை மீட்டது.

அபராதம் இன்னொரு பொறி. விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் புதிய சட்டத்தின் 468ஆவது பிரிவின்படி (பழைய சட்டத்தில் 428) தண்டனையில் கழியும். அபராதம் கட்டாததற்கான சிறைக்கு அந்தக் கழிவு கிடையாது. மற்றத் தண்டனையோடு சேர்ந்தும் ஓடாது. மூன்று பிரிவுகளுக்கும் சேர்த்து அது ஓராண்டு என்றால், சில ஆயிரம் ரூபாய் புரட்ட முடியாத ஏழைக் கைதி ஓராண்டு கூடுதலாக உள்ளே இருப்பார். அபராதத்தையும் அதற்கான சிறையையும் குறைக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும்.

'அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும்' என்ற பயம் சிறைகளில் உண்டு. அரசுத் தரப்போ பாதிக்கப்பட்டவரோ தனியாக உயர் நீதிமன்றத்தை நாடாதபோது, குற்றவாளியின் சொந்த மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டக்கூடாது என்று 2025இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. குறைப்பதற்கும் எல்லை உண்டு. சட்டமே குறைந்தபட்சத் தண்டனை விதித்திருக்கும் இடத்தில், உதாரணமாக குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின், 2019 திருத்தத்துக்குப் பிந்தைய 6ஆவது பிரிவில் 20 ஆண்டுகள், உயர் நீதிமன்றமும் அதற்குக் கீழே இறங்க முடியாது. அங்கே குடும்பநிலையைச் சொல்லி இரக்கம் கேட்பது வீண்; அந்தப் பிரிவு பொருந்துமா என்றுதான் வாதிட வேண்டும்.

சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம், உடனே தர வேண்டும். மேல்முறையீட்டுக்கு அமர்வு நீதிமன்றம் என்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 60 நாள். வழக்கறிஞர் இல்லாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மூலமே மனு அனுப்பலாம். தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவையும் கூடவே போட வேண்டும். இல்லையேல் 3 ஆண்டுத் தண்டனை முடிந்த பிறகு விடுதலைத் தீர்ப்பு வரும்.

இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர்கள் ஏக காலம், விசாரணைக் காலக் கழிவு, அபராதச் சிறை ஆகிய மூன்றையும் மனுவில் தனித்தனிக் கோரிக்கைகளாக எழுத வேண்டும். தீர்ப்பில் ஏக காலம் பற்றிய வரி விடுபட்டிருந்தால், சிறைக் கண்காணிப்பாளரால் அதைச் சேர்க்க முடியாது.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர், மதுரை