ஓகே பட்டன் அங்கிட்டா இங்கிட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் திருமங்கலத்துல 15 வருசமா சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்திட்டு வர்றேன். பிளஸ் டூ முடிச்ச புள்ளைங்க, தையல் மிஷின் வச்சிருக்குற அக்காமாருங்க, ரிட்டயர் ஆன வாத்தியாருங்கன்னு எல்லாரும் வருவாங்க.

போன மாசம் கப்பலூர் பக்கத்துல இருந்து வர்ற ஒரு அக்கா, தெருக்குழாய்ல தண்ணி வரலன்னு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குடுக்க மனு அடிச்சாங்க, எழுத்தெழுத்தா தேடித்தேடி ரெண்டு மணி நேரம். அவங்க எப்பவும் உக்கார்ற சிஸ்டத்துல வேற ஆள் இருந்ததால பக்கத்து சிஸ்டத்துல உக்காந்தாங்க, அதுல வேற டெஸ்க்டாப், அதாவது திரைல பெட்டி, பட்டனெல்லாம் காட்டுற சாஃப்ட்வேரே வேற. முடிச்சிட்டு மூலையில இருக்குற பெருக்கல் குறிய அமுக்குனதும் ஒரு பெட்டி வந்துச்சு, அதுல மூணு பட்டன். அவங்க பழகுன சிஸ்டத்துல இடது ஓரம் இருக்குறது சேமி. இதுல இடது ஓரம் இருந்தது சேமிக்காமல் மூடு, சேமிங்கறது வலது கடைசில. கை பழகுன எடத்துக்குப் போயிருச்சு, மனு போச்சு. "எனக்கெல்லாம் இது வராதுப்பா தம்பி"ன்னுட்டு எந்திரிச்சிட்டாங்க. அது தான் எனக்கு தாங்கல, ஏன்னா தப்பு அவங்க மேல இல்லவே இல்ல.

விண்டோஸ்ல ஓகே முதல்ல வரும், கேன்சல் அதுக்கு வலது பக்கம். ஆப்பிளோட மேக்ல நேர்மாறு, ஓகே தான் வலது கடைசி. லினக்ஸ்லயே க்னோம்ங்கற டெஸ்க்டாப் மேக் மாதிரி வைக்கும், கேடிஇங்கற டெஸ்க்டாப் விண்டோஸ் மாதிரி வைக்கும். ரெண்டுக்கும் நியாயம் சொல்லுவாங்க, எனக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, ஆனா ஒரே பக்கமா இருக்கணும். இது இன்னைக்கு நேத்து சண்டையும் இல்ல. 1984ல அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டில ஆரம்பிச்ச எக்ஸ் விண்டோ சிஸ்டம்ங்கற சாஃப்ட்வேர செஞ்சவங்க, திரைல ஜன்னல் (விண்டோ) போட வழி குடுக்குறது தான் எங்க வேலை, பட்டன் எங்க இருக்கணும் எப்படி இருக்கணும்னு சொல்ல மாட்டோம்னு கொள்கையாவே வச்சிருந்தாங்க, அதனால மோட்டிஃப்னு ஒரு கூட்டம் ஓப்பன் லுக்னு ஒரு கூட்டம்னு ஆளாளுக்கு ஒண்ணு செஞ்சு 1993 வரைக்கும் மல்லுக்கு நின்னாங்க.

ஒத்துமையா வச்ச விசயங்க எம்புட்டு ஈஸியா இருக்குன்னு பாருங்க. ஐபிஎம் 1987ல போட்ட விதிமுறையில தான் உதவிக்கு எஃப்1, மூடுறதுக்கு ஆல்ட் எஃப்4ன்னு வந்துச்சு, இன்னைக்கும் பெரும்பாலான எடத்துல வேலை செய்யுது. காப்பி பேஸ்டும் அப்படித்தான், ஒரு தடவ சொல்லிக்குடுத்தா அதுக்கப்புறம் எந்த சிஸ்டத்துலயும் யாரும் என்கிட்ட திரும்பிக் கேட்டதில்ல.

தமிழ்ல மாத்துனதுல இன்னொரு கொடுமை இருக்குங்க. கேன்சல்ங்கறத ஒருத்தர் ரத்து செய்ங்கறாரு, ஒருத்தர் கைவிடுங்கறாரு, இன்னொருத்தர் தவிர்ங்கறாரு. ஒரு பெரியவர் முதியோர் பென்சனுக்கு ஆன்லைன்ல போடுறப்ப ரத்து செய்ங்கறத பாத்து பயந்து மவுஸயே விட்டுட்டாரு, கை பட்டா பென்சனே ரத்தாயிரும்னு நெனச்சிட்டாரு. பின்ன அவரு எப்படி நெனப்பாரு? அந்த வார்த்தை நம்ம ஊர்ல ரேசன் கார்டு ரத்து, பஸ் ரத்துன்னு தானே காதுல விழுது. அங்க "திரும்பிப் போ"ன்னு இருந்தா போதும். அதே மாதிரி ஆம் இல்லைன்னு கேக்காம, பட்டன் மேலயே என்ன நடக்கப்போகுதுன்னு எழுதிரணும்.

நம்மளால முடியாதுன்னு சொல்லாதீங்க. கீபோர்டு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருந்தப்ப 1999ல தமிழ்99னு ஒண்ண அரசாங்கமே அறிவிச்சுச்சு. ஒருத்தர் ஃபாண்ட்ல அடிச்சது இன்னொருத்தருக்கு கட்டம் கட்டமா தெரிஞ்ச காலம் போயி 2010ல எல்லா கம்ப்யூட்டர்லயும் எழுத்து ஒரே மாதிரி தெரிய வைக்கிற யூனிகோடும் அரசாணையா வந்துருச்சு. அதே மாதிரி, மக்கள் தொடுற அரசு சாஃப்ட்வேர் எல்லாத்துலயும் பட்டன் எந்தப் பக்கம், அது மேல எந்தத் தமிழ் வார்த்தைன்னு எழுதி வச்ச ஒரே விதி வேணும்.

அந்த சாஃப்ட்வேர வெளியிடுறதுக்கு முன்னாடி மாட்டுத்தாவணில பஸ்ஸுக்கு நிக்கிற அஞ்சு பேர கூப்பிட்டு உக்கார வச்சு, வாய தொறக்காம பக்கத்துல நின்னு பாருங்க, அஞ்சு பேர வச்சே பெரும்பாலான கோளாறு தெரிஞ்சிரும்னு சாஃப்ட்வேர் மக்களுக்கு ஈஸியா இருக்கான்னு ஆராயுற ஜேக்கப் நீல்சன் 2000லயே எழுதிட்டாரு. மதுரையைச் சுத்தி இருக்குற இன்ஜினியரிங் காலேஜ் பசங்க இதையே ப்ராஜெக்டா எடுக்கலாம், ஞாயித்துக்கிழமை என் சென்டர காசு வாங்காம தொறந்து விடுறேன், அந்த அக்காவையும் நானே போய் கூட்டிட்டு வர்றேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.